போலாம் அக்காவின் கோழிக்கூடு

சட்டைத் தொழிற்சாலையில் அவளுக்குப் பேர் போலாம் அக்கா. ஷிப்ட் முடிந்து வெளியே போகிற பெண்களின் பையையும் சாப்பாட்டு டப்பாவையும் திறந்து பார்ப்பதுதான் இருபத்திரண்டு வருஷமாக அவள் வேலை. பையைத் திறந்து காட்டி, இரண்டு கைகளையும் தூக்கி நின்று, "போலாமாக்கா?" என்று கேட்பார்கள். இடுப்பை ஒரு தடவு தடவிவிட்டு, முகத்தைக்கூடப் பார்க்காமல் "போலாம்" என்பாள். ஒரு நாளைக்கு நானூறு தடவை. கையும் வாயும் அதுபாட்டுக்கு வேலை செய்யும், மனசு வேறெங்கோ இருக்கும். தன்னைத் தாண்டி ஒரு பித்தான்கூட வெளியே போனதில்லை என்பதில் அவளுக்குத் தலைகொள்ளாத பெருமை. நியாயமான பெருமைதான். ஆனால் வீட்டுக்குக் கிளம்பும்போது அந்த வேலையைத் தொழிற்சாலை வாசலிலேயே விட்டுவிட்டு வந்திருக்க வேண்டும். அவள் விட்டதில்லை.

வீட்டில் அவள் கணவர் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். சண்டை வரும்போலத் தெரிந்தால் பேருந்தைக் கழுவப் போய்விடுவார். அதனால் அந்தப் பேருந்து எப்போதும் பளபளவென்று இருக்கும். மகள் நர்சுப் படிப்பு படிக்கிறாள். இந்த மூன்று பேரும் இரண்டு அறையில் ஒருவர் காலை ஒருவர் மிதிக்காமல் இருந்த வீட்டுக்குத்தான், ஒரு தகரப் பெட்டியோடு அண்ணன் வந்து சேர்ந்தார்.

அக்காவுக்கு உடன்பிறந்தவர் அவர் ஒருவர்தான். முப்பத்தைந்து வருஷம் ஓர் அச்சகத்தில் பைண்டிங் வேலை. அச்சகத்தை மூடிவிட்டார்கள். மனைவி இல்லை, பிள்ளை இல்லை, போக்கிடம் இல்லை. தங்கை வீட்டுக்கு வந்தார். வராதே என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை, வா என்று சொல்லவும் மனசு வரவில்லை. அம்மா படுக்கையில் கிடந்த மூன்று வருஷமும் மூத்திரத் துணி துவைத்தவள் அவள். அண்ணன் எப்போதாவது ஞாயிற்றுக்கிழமை வந்து, அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டு அரைமணி நேரம் அழுதுவிட்டுப் போவார். அழுகிறவருக்கு ஊரில் நல்ல பெயர், துவைக்கிறவளுக்குச் சேற்றுப்புண். அதை அவள் மறக்கவில்லை. மறக்கிற ஆளும் இல்லை.

"பாப்பா, எனக்குன்னு தனியா எதுவும் செய்ய வேண்டாம். இருக்கறதப் போடு, போதும்" என்றார் வந்த அன்று. அவளுக்கு வயது ஐம்பத்திரண்டு, இன்னமும் அவருக்குப் பாப்பாதான்.

"தனியாச் செய்ய இங்க யாரு இருக்கா?" என்றாள் அவள். இருந்தாலும் தட்டில் சோற்றை 'ணங்'கென்று போட்டாள். அவர் அங்கே இருந்த எட்டு மாதமும் அந்தச் சத்தம் ஓயவில்லை.

சும்மா தின்கிற பெயரை மாற்ற வேண்டும் என்று அண்ணனுக்கு உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்திருக்க வேண்டும். ஒரு நாள் சாயங்காலம் அவள் வேலை முடிந்து வந்தபோது, கொல்லையில் துணி காயப்போடும் கொடிக்குக் கீழே ஐந்து கோழிகள் நின்று அவளையே பார்த்தன. பக்கத்தில் பழைய மரப்பெட்டிப் பலகைகளை வைத்து அடித்த ஒரு கூடு. ஆணி போதாத இடங்களில் பைண்டிங் நூலால் இறுக்கித் தைத்திருந்தார். முட்டையிடும் அறையில் வைக்கோலுக்குப் பதிலாக, புத்தக ஓரம் வெட்டும்போது விழுகிற காகித நறுக்குகளை மெத்தை மாதிரிப் பரப்பியிருந்தார்.

"இனிமே முட்டை கடையில வாங்க வேண்டாம் பாப்பா" என்றார், அசட்டுச் சிரிப்போடு.

"யாரக் கேட்டு இத வாங்கின?"

கணவர் பேருந்து கழுவப் போனார்.

அந்தக் குடும்பத்தில் யாருக்கும் கோழியைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. சேவல் இல்லாமல் கோழி எப்படி முட்டை போடும் என்று கணவர் கேட்டார். அதெல்லாம் போடும், குஞ்சுதான் வராது என்று மகள் பாடம் எடுத்தாள். முதல் நாள் அவற்றைக் கூட்டில் அடைக்க நாலு பேரும் படாதபாடு பட்டார்கள். அக்கா துடைப்பத்தோடு ஒரு மூலை, கணவர் போர்வையோடு ஒரு மூலை. கோழிகள் இவர்களின் காலுக்கு நடுவே புகுந்து புகுந்து ஓடின. கடைசியில் மூச்சு வாங்கி எல்லோரும் உட்கார்ந்துவிட்டார்கள். பொழுது மங்கியதும் ஐந்தும் தாமாகவே வரிசையாகக் கூட்டுக்குள் போய்ப் படுத்தன. மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அண்ணனும் சிரித்தார். அக்காவுக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள்.

ஐந்தில் ஒன்று சிவப்பு. அதற்கு அக்காவைக் கண்டாலே ஆகாது. துணி எடுக்கப் போனால் கணுக்காலில் ஒரு கொத்து வைக்கும். "இதுவும் உன்ன மாதிரியே, திங்கறதும் இங்க, கொத்தறதும் இங்க" என்று அண்ணன் காதில் விழும்படியாகவே சொல்லுவாள். அவர் குனிந்து தண்ணீர்ச் சட்டியைக் கழுவுவார்.

மூன்று வாரத்தில் முட்டைகள் வர ஆரம்பித்தன. ஒரு நாள் நாலு, ஒரு நாள் ஐந்தும். சூடான முட்டையைக் கையில் வாங்கியபோது அக்காவுக்கே மனசு கொஞ்சம் இளகியது. அதைக் காட்டிக்கொள்ளாமல் உடைத்து ஊற்றிவிட்டு, முட்டை ஓடுகளை ஜன்னல் வழியாகக் கொல்லையில் விட்டெறிந்தாள். கோழிகள் ஓடிவந்து அடித்துக்கொண்டு தின்றன.

"பாப்பா, ஓட்ட அப்படியே போடக் கூடாதாம். தீவனக் கடைக்காரர் சொன்னாரு. காயவெச்சு, தூளாக்கித்தான் போடணுமாம்" என்றார் அண்ணன்.

"சமையக்கட்டுல நான் எத எங்க எறியணும்னு நீ சொல்லித் தர வேண்டாம்."

அதற்கப்புறம் அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அக்கா தினமும் எறிந்தாள். வெள்ளைக் கரு ஒட்டிக்கொண்டிருக்கும் ஓட்டை, பாதிப் பாதியாக, முட்டையின் உருவம் மாறாமல்.

இரண்டு மாதம் போனது. முட்டை குறைய ஆரம்பித்தது. ஐந்து மூன்றானது, மூன்று இரண்டானது. கூட்டுக்குள் கைவிட்டுப் பார்த்தால் காகித நறுக்குகள் ஈரமாகக் கிடக்கும், சில நாள் மஞ்சள் கறையும் இருக்கும். இருபத்திரண்டு வருஷச் சோதனைக்காரிக்கு அந்த ஈரம் போதாதா? அவசர அவசரமாக எடுக்கும்போது ஒன்று கை நழுவி உடைந்திருக்கிறது, அவ்வளவுதான். பகலில் வீட்டில் இருப்பது யார்? கூட்டைச் சுத்தம் செய்வது யார்? தினமும் பதினொரு மணிக்கு, வேலை தேடப் போகிறேன் என்று துணிப்பையோடு கிளம்புகிறவர் யார்? தொழிற்சாலையில் இதைவிடக் குறைந்த தடயத்தில் அவள் ஆட்களைப் பிடித்திருக்கிறாள்.

"மாமா அப்படிச் செய்ய மாட்டாரும்மா" என்றாள் மகள்.

"எல்லாரும் மூஞ்ச அப்பாவியாத்தான் வெச்சுப்பாங்க. எனக்குத் தெரியாதா?"

அந்த வாரம் அவளுக்கு இரண்டாம் ஷிப்ட், மத்தியானம் கிளம்பினால் போதும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருந்தாள். சனிக்கிழமை பத்தரை மணிக்குக் கூட்டைப் பார்த்தாள். ஒரே ஒரு முட்டை, பக்கத்தில் ஈரம். பதினொன்றுக்கு அண்ணன் பையை மாட்டிக்கொண்டு செருப்பில் கால் நுழைத்தார். அவள் தெருவாசலில் குறுக்கே போய் நின்றாள்.

"பையக் குடு."

"என்ன பாப்பா?"

"பையத் தொறன்னு சொல்றேன்."

எதிர்வீட்டுப் பெண்மணி வாளியோடு நின்றவள் நின்றபடி நின்றாள். மகள் உள்ளேயிருந்து, "அம்மா, வேணாம்மா" என்று கத்தினாள். அண்ணன் தங்கையின் முகத்தைச் சிறிது நேரம் பார்த்தார். பிறகு பையைத் திறந்து நீட்டினார். இரண்டு கைகளையும் தோளுக்கு மேலே தூக்கிக்கொண்டார்.

"பாத்துக்குங்க அக்கா" என்றார்.

அக்காவுக்குக் காது சூடானது. ஆனால் கை நிற்கவில்லை. பைக்குள் துண்டு, தண்ணீர் பாட்டில், அதற்கும் அடியில் உருண்டையாக ஒன்று. பிடித்துவிட்டேன் என்று வெளியே இழுத்தாள். வெள்ளையாக இருந்தது, முட்டை உருவில் இருந்தது, ஆனால் முட்டை இல்லை. காகிதக் கூழும் பசையும் குழைத்துப் பிடித்து, காயவைத்து, மழமழவென்று தேய்த்து, வெள்ளை பூசிய பொய் முட்டை.

"என்ன இது?"

"காகித முட்டை. நான் செஞ்சது. சரியா இருக்கான்னு தீவனக் கடைக்காரர்கிட்டக் காட்டப் போறேன்."

"நல்லத எடுத்துட்டு அந்த எடத்துல இத வெச்சு ஏமாத்தவா?"

"ஏமாத்தத்தான்" என்றார் அண்ணன்.

யாரை என்று அவள் கேட்டிருக்கலாம். ஒரே ஒரு வார்த்தை. அவர்கூடக் கையை இறக்காமல் அதற்காகத்தான் நின்றார் போலிருக்கிறது. அவளோ, "தின்ன வீட்டுலயே கை வெக்கற புத்தி" என்று எதிர்வீட்டுக்கும் சேர்த்துச் சத்தமாகச் சொன்னாள். அண்ணன் முகம் சிறுத்துப் போனது. கையை இறக்கி, காகித முட்டையை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கிப் போனார். ராத்திரி அவள் ஷிப்ட் முடிந்து வந்தபோதும் அவர் திரும்பியிருக்கவில்லை. பழைய அச்சகத்து நண்பரின் அறையில் தங்கிக்கொள்கிறாராம், கணவருக்குப் போன் வந்தது.

"மச்சான் குரலே சரியில்ல" என்றார் கணவர்.

"எப்படி இருக்கும்? கையும் களவுமா மாட்டிக்கிட்டா எவனுக்கும் குரல் எழும்பாது."

மறுநாள் ஞாயிறு, எல்லோருக்கும் விடுமுறை. பத்து மணிக்குக் கூட்டைப் பார்த்தாள். முட்டை இல்லை, காகிதம் ஈரம். அக்கா திகைத்துப் போனாள். ஆள் ஊரின் அந்தக் கோடியில் இருக்கிறார், பொருள் இங்கே காணாமல் போகிறது. அவள் தொழில் புத்திக்கு இது பெரிய அவமானம். மதில் ஏறி வருகிற வேறு எவனாவதா? எப்படியும் இன்னொரு கோழி முட்டையிட வரும். முக்காலியை எடுத்துப்போட்டு, கூட்டுக்கு எதிரில் மூச்சுவிடாமல் உட்கார்ந்தாள்.

சிவப்புக் கோழி உள்ளே போனது. வெகுநேரம் கழித்து எழுந்து நின்றது. கீழே ஈரம் மின்ன ஒரு முட்டை. கோழி திரும்பி அதைப் பார்த்தது. தலையைச் சாய்த்து ஒரு கொத்து. இன்னொரு கொத்து. ஓடு உடைந்ததும் மற்ற நாலும் முண்டியடித்துக்கொண்டு வந்து சேர்ந்துவிட்டன. கருவை உறிஞ்சி, ஓட்டையும் விடாமல் விழுங்கின. ஜன்னலுக்குக் கீழே அவள் எறிந்ததை எப்படித் தின்னுமோ அப்படியே, அதே அவசரம், அதே அடிதடி. கொஞ்ச நேரத்தில் அங்கே இருந்தது ஒரு ஈரம் மட்டுந்தான்.

அக்கா முக்காலியை விட்டு எழவில்லை. ஓட்டை அப்படியே போடாதே என்று அவர் சொன்னது நினைவு வந்தது. காகித முட்டை யாரை ஏமாற்ற என்பதும் இப்போது விளங்கியது. கொத்திக் கொத்திப் பார்த்து அலகு வலித்து, இது தின்கிற சாமான் இல்லை என்று கோழிகளே விட்டுவிடட்டும் என்று செய்திருக்கிறார். அவளுக்கு அழுகை வரவில்லை. ஆத்திரந்தான் வந்தது, கோழி மேல், அண்ணன் மேல், எல்லாவற்றையும்விடத் தன் மேல்.

மத்தியானம் அண்ணன் வந்தார். நேரே உள்ளே போய்த் தகரப் பெட்டியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். அக்கா வாசல்படியில் நின்றிருந்தாள். காலையிலிருந்து அவள் தயார் செய்து வைத்த வார்த்தை ஒன்றே ஒன்றுதான், போகாதே. அதற்கு முன்னால் வேறு என்னென்னவோ வாயில் வந்தது.

"கோழிதான் தின்னுது. நான் பாத்தேன்."

"தெரியும். நாலு நாளா எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சு ஏன் வாயத் தொறக்கல?"

"நீ போட்ட ஓட்டால வந்த பழக்கம்னு எப்படிச் சொல்றது? சத்தமில்லாமச் சரிபண்ணிடலாம்னு பாத்தேன்." பெட்டியைக் கை மாற்றிப் பிடித்தார். "நேத்து நீ யாரைன்னு கேட்டிருந்தாச் சொல்லியிருப்பேன். நீ பையத்தான் கேட்ட."

பின்னால் கணவர் நின்றிருந்தார். இந்தத் தடவை பேருந்து கழுவப் போகவில்லை. மகள் சுவரில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தாள். போகாதே அண்ணே என்று சொல்ல அக்கா வாயைத் திறந்தாள். அதற்குள் அண்ணன் பெட்டியை அவள் காலடியில் வைத்து, கொக்கியைத் தள்ளி, மூடியைத் திறந்தார். இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு நின்றார்.

"மூடு அண்ணே. மூடுன்னு சொல்றேன்ல."

அவர் மூடவில்லை. அவள் மூடிவிடத்தான் குனிந்தாள், சத்தியமாக அதற்குத்தான். கை பெட்டியைத் தொட்டதும் தானாக உள்ளே போனது. மடித்த சட்டைகளுக்கு அடியில் ஒரு முறை தடவி, மூலைக்கு மூலை பார்த்துவிட்டு வெளியே வந்தது.

"போலாமாக்கா?" என்றார் அண்ணன்.

"போலாம்" என்றாள்.

சொன்ன பிறகுதான் அது அவள் காதிலேயே விழுந்தது. அண்ணன் குனிந்து மூடியைச் சாத்தி, கொக்கியைப் போட்டு, பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு தெருவில் இறங்கினார்.