சிலுப்பாத கிடா

ஆட்டுக்கு யாராவது கலெக்டர் என்று பேர் வைப்பார்களா? நான் வைத்தேன். கறுப்பு உடம்பு, நெற்றியிலிருந்து மூக்கு வரை இரண்டு வெள்ளைக் கோடு, நடையில் அப்படி ஒரு மிடுக்கு. வேறென்ன பேர் வைப்பது? அம்பாசமுத்திரத்தில் பள்ளிப் பிள்ளைகள் வளர்க்கிற ஆட்டுக்குட்டிகளுக்குப் போட்டி வைக்கிறார்கள் என்று டீச்சர் சொன்ன நாளிலிருந்து எனக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை. ஆற்றில் தேய்த்துக் குளிப்பாட்டினேன். அகத்திக்கீரை ஒடித்துப் போட்டேன். நாலு காலையும் ஊன்றித் தலையைத் தூக்கி நிற்கவும், வாயைத் திறந்து பல்லைப் பார்த்தால் முரண்டாமல் இருக்கவும் பழக்கினேன்.

அப்போதுதான் கோயில் கொடைத் திருவிழாவுக்கு நாள் குறித்தார்கள். போட்டிக்கு முந்தின வாரம். கலெக்டர் சுடலைமாடசாமிக்கு நேர்ந்துவிட்ட கிடா. அது எனக்கும் தெரியும். என்றைக்கோ நடக்கப்போகிற காரியம் என்று இருந்துவிட்டேன். வெட்டக்கூடாது என்று குதித்தேன். எதுக்கு நேர்ந்தீங்க என்று கேட்டதற்கு, "சாமி காரியத்துல வாயக் குடுக்காதட்டி" என்று அம்மா முதுகில் ஒன்று வைத்தாள். அப்பா என் முகத்தையே பார்க்கவில்லை. சித்தப்பாதான் சிரித்தார். "ஏட்டி, கலெக்டருக்கு டிரான்ஸ்பர் ஆர்டர் வந்துட்டு" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அழுது என்ன ஆகப்போகிறது? சாமிக்கென்று ஒரு சட்டம் இருக்கிறதே, அதைப் பிடித்துக்கொண்டேன். வெட்டுவதற்கு முன்னால் கிடாவின் மேல் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். அது உடம்பைச் சிலுப்பினால் சாமி ஏற்றுக்கொண்டது என்று அர்த்தம். சிலுப்பாவிட்டால் அரிவாள் இறங்காது. சரி, சிலுப்பாமல் நிற்கட்டும்.

மறுநாளிலிருந்து ஆற்றில் பாடம் மாறியது. முதுகில் ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றி, அதன் மூக்குக்கு நேரே உள்ளங்கையை விரித்துக் காட்டுவேன். சிலுப்பினால் ஒன்றும் கிடையாது. அசையாமல் நின்றால் வாழைப்பழம், தோலோடு. முதலில் என் பாவாடையெல்லாம் நனைத்தது. பைய பைய, தோள் துடித்தாலும் என் கையையே பார்த்துக்கொண்டு மரம் மாதிரி நிற்கக் கற்றுக்கொண்டது. வீட்டில் கேட்டபோது போட்டிக்கு என்றேன். அதிலும் பொய் இல்லையே.

கொடையன்று மத்தியானம் மாலை போட்டுக் கலெக்டரைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். சித்தப்பா செம்பைக் கவிழ்த்தார். நான் கூட்டத்துக்குள் முண்டியடித்து முன்னால் போய் உள்ளங்கையை விரித்தேன். கலெக்டர் என் கையைப் பார்த்தது. அப்படியே நின்றது. இன்னொரு செம்பு ஊற்றினார்கள். காதில் ஊதினார்கள். மேளக்காரர் கிட்டே வந்து அடித்தார். அதன் தோல் துடிக்கத் துடிக்க எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. சிலுப்பவில்லை!

"இது எனக்கு வேண்டாம்" என்றார், சாமியாடிக்கொண்டிருந்த பெரியப்பா. கிடாவுக்குப் பதில் ஒரு சேவலை அறுத்தார்கள். அம்மா நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். நான் கலெக்டரின் கழுத்து மாலையைக் கழற்றி அதற்கே தின்னக் கொடுத்தேன். யார் என்ன செய்துவிட முடியும்?

போட்டியில் ஆறுதல் பரிசாக ஒரு எவர்சில்வர் டம்ளர் கிடைத்தது. பல்லைப் பிடித்துப் பார்த்து மார்க் போட்ட மாட்டு டாக்டர் ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றிப் பார்த்திருந்தால் முதல் பரிசே எனக்குத்தான்.

நான் காலேஜுக்குப் போன பிறகுதான் சித்தி சொன்னாள். மூன்றாம் வகுப்பில் எனக்கு மூளைக்காய்ச்சல் வந்து பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தபோது, 'எம்பிள்ளையக் குடு, கிடா தாரேன்' என்று அம்மா நேர்ந்துகொண்டாளாம். கிடாவை வேண்டாம் என்ற சாமி பிள்ளையைத் திருப்பிக் கேட்டுவிடுமோ என்று பயந்தே கிடந்தாளாம். இது தெரிந்திருந்தால் கலெக்டரை விட்டுக்கொடுத்திருப்பேனா? மாட்டேன். இன்றைக்கு என்றாலும் அதையேதான் செய்வேன். ஆனால் அந்த வருஷம் முழுக்க, நான் வாசலைத் தாண்டும்போதெல்லாம் அம்மா ஓடிவந்து என் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள். இது என்னடா தொந்தரவு என்று அந்தக் கையைத் தட்டிவிட்டு, கலெக்டருக்கு அகத்திக் குழை ஒடிக்க ஓடிவிடுவேன்.