கேதம் சொன்ன வாய்

எங்க பக்கம் கேதச் சேதி, அதான் சாவுச் சேதி, வந்தா திருப்பிக் கேக்குற பழக்கம் இல்ல. காதுல விழுந்ததும் செருப்ப மாட்டிக்கிட்டுக் கெளம்பிரணும். நெசந்தானான்னு போனப் போட்டு விசாரிச்சா அந்த வீட்டையே அவமதிச்ச மாதிரி. இந்தப் பழக்கத்துலதான் எனக்கு வினை வந்து சேந்துச்சு.

எங்க வீட்டுக்காரவுகளுக்கு ஞாபகம் நழுவ ஆரம்பிச்ச நேரம். வயல்லயே மம்பட்டிய விட்டுட்டு வருவாக. சாப்பிட்ட கை காயுமுன்ன சோறு கேப்பாக. நானும் திட்டிக்கிட்டே இருப்பேன். திட்டு எனக்குக் கூடப் பொறந்தது. ராமநாதபுரத்து டாக்டரு ஸ்கேனப் பாத்துட்டு, இது போகப்போகக் கூடத்தான் செய்யும், கடைசியில வீட்டாளுகளையே அடையாளம் தெரியாமப் போகும்னுட்டாரு. அன்னையிலருந்து எனக்கு ஒரே பயந்தான். இந்த மனுசன் என்னைய மறந்துருவாகளோ?

ஒரு நாள் காலையில இவுக பஸ் ஸ்டாப்பு டீக்கடையில உக்காந்துக்கிட்டு, உத்தரகோசமங்கையில இருக்குற மகனோட மாமனாரு தவறிட்டாருன்னு சொல்லியிருக்காக. இவுக வாயில பொய் வந்ததே இல்ல, ஊரே நம்பிருச்சு. மாலையும் கோடித் துணியுமா வேன் நெறையப் போய் எறங்குறோம், நாந்தான் மொத ஆளா மாருல அடிச்சுக்கிட்டு எறங்குறேன், அந்த மனுசன் நெத்தி நெறைய விபூதியோட கோயில்லருந்து எதுக்க வாராரு. எனக்கு வெக்கம் புடுங்கித் திங்குது. அவரு நல்லவரு, சிரிச்சுக்கிட்டே எல்லாரையும் உக்கார வச்சுச் சோறு போட்டாரு.

அந்த வருசத்து நெல்லறுப்பு முடியுமுன்ன அவரு நெசமாவே போய்ச் சேந்தாரு. நெஞ்சுவலி.

அதுக்கப்பறம் ஊரு மாறிப்போச்சு. யாரும் வாயத் தொறந்து ஒண்ணுஞ் சொல்லல, அதுதான் கொடுமை. டீக்கடையில இவுக போய் உக்காந்தா, பக்கத்துல இருந்த ஆளு பாதி டீய வச்சுட்டு எந்திரிச்சிருவாரு. எதுக்க வாரவுக வேற வரப்புல எறங்கி நடப்பாக. இவுக வாயில நம்ம பேரு வந்துரக்கூடாதேன்னு அம்புட்டுப் பேருக்கும் கிலி. காலமெல்லாம் ஒரே கண்மாய்த் தண்ணியில வெள்ளாமை பாத்த சனம்! எனக்கு ஆத்திரமா வந்துச்சு. ஆனா எனக்கும் கிலிதான். காலையில இவுக வாயத் தொறக்கும்போதெல்லாம் யாரு பேரு வருமோன்னு மொகத்தப் பாத்துக்கிட்டேதான் அடுப்ப மூட்டுவேன்.

அன்னைக்கு இவுகளுக்கு மாத்திரை வாங்க ஆர்.எஸ்.மங்கலம் போனேன். அக்கம்பக்கம் யாருகிட்டயும் சொல்லிக்கல. சொல்லிக்கிற மாதிரி யாரு எங்களுக்கு மொகங்குடுத்தாக? போனும் அடுப்படியிலயே கெடந்துச்சு. மருந்துக் கடையில உச்சிப்பொழுது சாயுற வரைக்கும் காக்க வச்சுட்டாங்க.

திரும்பி வாரப்ப பஸ்ஸுல முன் சீட்டுல தெரியாத ஆளுக ரெண்டு பேரு, மடியில பெரிய ரோசாப்பூ மாலை. யாரோ பாவம், நல்ல சாவா இருக்கட்டும்னு கும்புட்டுக்கிட்டேன். அவங்க எங்க ஸ்டாப்புலயே எறங்குனாங்க. எங்க தெருவுக்கே திரும்புனாங்க. இவுகளுக்குத்தான் என்னமோ ஆயிப்போச்சுன்னு மாலைக்கு முந்தி ஓடுனேன்.

எங்க வாசல்ல பிளாஸ்டிக் நாற்காலி போட்டுச் சனம் உக்காந்திருக்கு. கட்டிப்புடிச்சு அழுதுக்கிட்டிருந்த பொம்பளைக என்னையப் பாத்ததும் கப்புன்னு நிறுத்திட்டாக. நடுவுல இவுக, தோளுல துண்டு, கண்ணு செவந்து, உசுரோடதான் இருக்காக. பொண்டாட்டி போயிட்டா, ஆஸ்பத்திரியிலருந்து கொண்டு வாராகன்னு இவுகதான் ஊருக்குச் சொல்லியிருக்காக.

மாலையக் கொண்டாந்த ஆளுக அத எங்க வைக்கிறதுன்னு தெரியாம வேப்பமரத்தடியில வச்சாங்க. சனம் ஒவ்வொண்ணா நழுவுச்சு. கேத வீட்டுலருந்து கெளம்புறவுக வாரேன்னு சொல்லக்கூடாது, அது எங்க மொறை. உசுரோட நான் நிக்கிறேன், என் முன்னாலயே அந்த மொறை தப்பாமப் போனாக பாவிக.

என்ன மனுசன்யா நீங்கன்னு கேக்க வாயெடுத்தேன். அதுக்குள்ள இவுக என்னையக் கையெடுத்துக் கும்புட்டு, எதுத்த நாற்காலியக் காட்டுனாக. ஊரு பேரு தெரியாதவகிட்டப் பேசுற மாதிரி, செத்துப்போன பொண்டாட்டியப் பத்திப் பேச ஆரம்பிச்சாக. அவ திட்டுவா, திட்டிக்கிட்டே மீனுல முள்ளெடுத்து வைப்பா, அவ சத்தம் கேக்காட்டி எனக்குப் பொழுதே விடியாதுன்னாக. எங்கூட வாழ்ந்த காலத்துல ஒரு நாளாவது இத என் மொகத்தப் பாத்துச் சொல்லியிருப்பாகளா? முந்தானையால மூஞ்சிய மூடிக்கிட்டு அழுதேன்.

பொழுது சாயவும் இவுக எந்திரிச்சாக.

"சொல்லிக்கிடாமப் போங்க தாயீ. இருட்டுறதுக்குள்ள ஊரு போய்ச் சேரணும்ல."

வாதாட எனக்குத் தெம்பில்ல. வாசல்ல எறங்கி, சொல்லிக்கிடாமத்தான், வீட்டச் சுத்திக் கொல்லைப்பக்கமா அடுப்படிக்குள்ள வந்து ஒலைய வச்சேன். பாத்திரச் சத்தம் கேட்டு இவுக வந்து நெலையப் புடிச்சுக்கிட்டு நின்னாக. மொகத்துல பழைய தெளிவு.

"ஏ புள்ள, ஒரு பொம்பள ஒன்னையத் தேடி வந்து ஒரே அழுகை. நீ இல்லைன்னு சொல்லி அனுப்பி வச்சுட்டேன்."

"இனிமே வந்தா உள்ள விட்டுராதீக"ன்னேன்.

சரின்னு தலையாட்டுனாக. போயி வாசக்கதவச் சாத்தித் தாப்பாப் போட்டுட்டு வந்தாக. அன்னையிலருந்து கொல்லைக் கதவ நான் சாத்துறதே இல்ல.