உட்டே சொல்லாமல் விட்டது

ஜெர்மனியின் யேனா நகரில் எங்கள் பட்டறையில் உட்டே பிராண்ட்னர் கடைந்த அச்சை நான் அளந்து பார்ப்பதே வெறும் சடங்குதான். குண்டூசித் தலையை விடச் சிறிய லென்ஸ்கள் நூற்றுக்கணக்கில் வரிசையாக அமரும் தகட்டை அழுத்தி எடுக்க, வைர முனையால் உலோக அச்சு கடைவது அவள் வேலை. வடிவமைப்பாளன் கெர்னோட் தன் வரைபடங்களை முதலில் அவளிடம்தான் கொண்டுவருவான். டிரெஸ்டனிலிருந்து அதே வேலைக்கு மார்லிஸ் வரும்வரை.

மார்லிஸுக்குப் புது இயந்திரம் கிடைத்தது. கெர்னோட் காபிக் கோப்பையோடு அங்கேயே நிற்கத் தொடங்கினான். உட்டே என் மேசைக்கு வந்து கண்ணாடிச் சுவர் வழியே பார்ப்பாள்.

"அப்படி என்னத்துக்குச் சிரிக்கிறாங்க ரெண்டு பேரும்?"

"வேலையப் பத்தித்தான் பேசறாங்க."

"என்கிட்ட வேலை பேசறப்போ அவன் ஒரு நாளும் சிரிச்சதில்ல."

குடலுக்குள் பார்க்கும் கேமராவுக்கு ஒரு லென்ஸ் வரிசை கேட்டு மருத்துவக் கருவி நிறுவனத்தார் வந்தார்கள். தகட்டின் இரு முகத்திலும் லென்ஸ்கள். ஒன்றின் முதுகில் மற்றொன்று சரியாகப் பொருந்த வேண்டும். மேல் அச்சு உட்டேக்கு, கீழ் அச்சு மார்லிஸுக்கு. வேலை தொடங்கிய நாள் காலையில் கெர்னோட் உட்டேயிடம் சொன்னான்: "விளிம்புலேருந்து அளக்காதே, ரெண்டு அச்சையும் சேர்த்துக் கோக்கற ஊசித் துளையிலேருந்து அளவு எடு. மார்லிஸ்கிட்டயும் சொல்லிடு."

உட்டே தலையாட்டினாள்.

அச்சுகள் தனித்தனியே குறையில்லாமல் வந்தன. சேர்த்து அழுத்திய தகட்டில் படம் இரட்டையாக விழுந்தது. கெர்னோட் மார்லிஸிடம் கத்தினான்.

"துளையிலேருந்துன்னு எனக்கு யாரும் சொல்லலையே!" என்றாள் அவள்.

எல்லோரும் உட்டேயைப் பார்த்தோம்.

"மறந்துட்டேன்."

"நீங்களா?" மார்லிஸின் குரலில் கேலி இல்லை, உண்மையாகவே நம்பவில்லை. "நீங்க எதையும் மறக்க மாட்டீங்கன்னுதானே இங்க எல்லாரும் சொல்றாங்க."

உட்டேயின் கழுத்து சிவந்தது. "மறக்கல. வேணும்னேதான் சொல்லல."

இரண்டு அச்சுகளையும் புதிதாகக் கடையும் வேலையை கெர்னோட் மார்லிஸிடமே கொடுத்தான். அவள் கடைந்து முடிக்கும்வரை உட்டே பழைய கருவிகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். முடிந்ததும் என் மேசைக்கு வந்தாள்.

"அவளோடது என்னோடத விட வழவழப்பா?"

"ஆமா."

"கொஞ்சமா, நிறையவா?"

"நிறையத்தான், உட்டே."

திட்டுவாள் என்று நினைத்தேன். நுண்ணோக்கியில் குனிந்து நெடுநேரம் பார்த்தாள். பிறகு நேராக மார்லிஸின் இயந்திரத்துக்குப் போனாள்.

"முனைய எந்தச் சாய்வுல வைக்கிற? காட்டு."

மார்லிஸ் நகர்ந்து இடம் விட்டாள். அன்று மதியம் கெர்னோட் கோப்பையோடு அங்கே வந்தபோது உட்டே, "எங்களுக்கு வேலை இருக்கு, போ" என்று அவனை விரட்டினாள்.