அணிலின் பெயர் பேமானி

சென்னைக்குப் பக்கத்தில் கோவளத்தில் நாங்கள் குடியிருக்கும் வீடு இரண்டு போர்ஷன். கீழே நாங்கள். நான் குட்டியானை வண்டியில் தண்ணி கேன் போடுகிறவன். படிப்பு ஒன்பதாம் வகுப்போடு சரி. மாடியில் திருநெல்வேலிக் குடும்பம். அந்தம்மாவுக்குக் கேளம்பாக்கம் பக்கம் கம்ப்யூட்டர் வேலை, அவர் கணவருக்கு வெளிநாட்டில் வேலை. அவர்களுக்கு ஒரே பெண். எனக்கும் ஒரே பெண். இரண்டு பேருக்கும் ஏழு வயது, ஒரே வகுப்பு. எங்கள் தெருவில் அந்த வயதில் வேறு பெண்பிள்ளை கிடையாது. ஆகவே என் மகளுக்கு அவள்தான் தோழி, அவளை விட்டால் ஆளே இல்லை. பிள்ளைகளே, இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் இருவரும் எங்கள் வீட்டில் பொம்மைப் படம் பார்ப்பார்கள். நானும் மனைவியும் வேலை முடிந்து வர ஆறு மணி ஆகும். அதுவரை பக்கத்து வீட்டில் இருக்கும் வீட்டுச் சொந்தக்காரம்மா எங்கள் வாசலில் நாற்காலி போட்டுப் பார்த்துக்கொள்வார். அவருக்குக் கண் நல்ல கூர்மை. காதுதான் கொஞ்சம் மந்தம்.

அந்தப் படத்தில் ஒரு கரடி, ஒரு அணில். கரடியின் தேனை அணில் திருடும், கரடி துரத்தும். எந்த நாட்டுக் கரடியோ, தமிழில் குரல் கொடுத்த புண்ணியவான் அதை ராயபுரத்துக் கரடியாக மாற்றிவிட்டார். "டேய் பேமானி, எங்கடா பூட்ட?" என்று கத்திக்கொண்டு தோசைக்கல்லால் ஒரே போடு போடும். அணில் அப்பளம்போல் தட்டையாகி, கதவுக்கு அடியில் நழுவி, வெளியே போய்ப் புஸ்ஸென்று பழையபடி உப்பிக்கொள்ளும். வாரம் முழுக்க இதே கதை.

பார்த்து முடித்ததும் இருவரும் அதையே விளையாடுவார்கள். என் மகள் கரடி, மாடி வீட்டுப் பெண் அணில். அணிலின் பெயர் பேமானி. கரடி அப்படித்தானே கூப்பிடுகிறது!

எங்கள் பக்கத்தில் அந்தச் சொல் யாருக்கும் தெரியாமல் இல்லை. நாணயம் கெட்டவனைத் திட்டுகிற சொல். ஆனால் திருநெல்வேலிக்கு அது புதுசு. மாடி வீட்டம்மா அது என்னவென்று மகளைக் கேட்டிருக்கிறார். "அணில் பேரும்மா, நான்தான் அது" என்றிருக்கிறாள். நல்ல செல்லப் பெயராக இருக்கிறதே என்று அந்தம்மாவும் அதையே பிடித்துக்கொண்டார். ஊரில் இருக்கும் மாமனாரிடம் போனில், "பேமானி தூங்கிட்டா மாமா" என்றுகூடச் சொல்லியிருக்கிறார்.

ஒருநாள் அவருடைய ஆபீசில் மதியச் சாப்பாட்டு நேரம். மகள் எப்படி இருக்கிறாள் என்று யாரோ கேட்க, "எங்க வீட்டு பேமானிக்கு என்ன, ஜாலியா இருக்கா" என்றாராம். மேஜையில் இருந்த அத்தனை பேருடைய கையும் அப்படியே நின்றுவிட்டது. பெரம்பூர்க்காரப் பெண் ஒருத்தி டிபன் பாக்ஸை மூடிவிட்டு, அவரை ஓரமாக அழைத்துப்போய் அர்த்தம் சொல்லியிருக்கிறாள்.

அன்று சாயங்காலம் ஆபீஸ் வேனை விட்டு அவர் இறங்கவும், காலி கேன்களோடு நான் வந்து நிற்கவும் சரியாக இருந்தது. எங்கள் வீட்டு இரும்பு கேட்டுக்கு அடியில் அவருடைய மகள் பாதி உள்ளே, பாதி வெளியே மாட்டிக்கொண்டு கிடந்தாள். நெற்றியில் கொட்டைப்பாக்கு அளவுக்கு வீக்கம். பக்கத்தில் என் மகள், கையில் எவர்சில்வர் தட்டு. வாசல் நாற்காலி காலி; வீட்டுச் சொந்தக்காரம்மா பால் வாங்கப் போயிருந்தார்.

"ஏட்டி மூதி! அங்க என்ன செய்யுத?"

"நான் தட்டையாயிட்டேம்மா. வெளிய போயிட்டிருக்கேன்."

"தட்டையாவா?"

"இன்னும் முழுசா ஆவல ஆன்ட்டி" என்றாள் என் மகள், தட்டை ஓங்கியபடி. "இன்னொரு அடி பாக்கி கீது."

நான் ஓடிப்போய்த் தட்டைப் பிடுங்கினேன். கேட்டைக் கொக்கியிலிருந்து கழற்றித் தூக்கித்தான் அணிலை வெளியே எடுக்க முடிந்தது.

"அண்ணாச்சி, ஒங்க புள்ள எம்புள்ளைய என்ன சொல்லிக் கூப்புடுதான்னு தெரியுமா ஒங்களுக்கு?"

"இன்னான்னு கூப்ட நீ?" என்று மகளைக் கேட்டேன்.

"பேமானின்னு" என்றாள், கொஞ்சமும் கூசாமல்.

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. "இனிமே எம்புள்ள கீழ எறங்க மாட்டா" என்று சொல்லிவிட்டு அந்தம்மா மகளை இழுத்துக்கொண்டு மாடிப்படி ஏறினார்.

பிள்ளைகளே, பொம்மைப் படமே பார்க்காதீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். எனக்கும் சிரிப்பு வரத்தான் செய்கிறது. ஆனால் அந்த அணிலுக்கு எலும்பு கிடையாது. உங்கள் தோழிக்கு உண்டு. அடித்தால் அணில் தட்டையாகும், தோழிக்கு வீங்கும். அவ்வளவுதான் வித்தியாசம்.

அதற்கப்புறம் என் மகள் தனியாக விளையாடினாள். தன் தலையில் தானே தட்டால் தட்டிக்கொள்வாள், உடனே கீழே படுப்பாள். பிறகு எழுந்து கரடியாகி, படுத்திருந்த இடத்தைப் பார்த்துக் கத்துவாள். பார்க்கச் சகிக்கவில்லை. "யோவ், மேல போய் ஒரு வார்த்த பேசினு வாய்யா, கொயந்த ஏங்கிப் பூடும்" என்றாள் என் மனைவி.

போனேன்.

"அது அணில் பேருன்னு நெனச்சிகினு கீதும்மா, வோணும்னு சொல்லல."

"ஏழு வயசுப் புள்ளைக்கா அண்ணாச்சி தெரியாது?"

உங்களுக்கே தெரியவில்லையே என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன். "ஒரு வாட்டி நீங்களே அந்தப் படத்தப் பாத்துட்டு சொல்லுங்கம்மா" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை மகளோடு இறங்கி வந்தார். பிள்ளைகள் இருவரையும் ஆளுக்கொரு மூலையில் உட்கார வைத்துவிட்டுப் படத்தைப் போட்டேன். கரடி வழக்கம்போல் "டேய் பேமானி!" என்றது. "பாத்தீங்களாம்மா?" என்றேன். அவர் உம்மென்று தலையை ஆட்டினார்.

அப்போதுதான், நான் இதுவரை பார்த்தே இராத ஒரு கழுதை படத்துக்குள் நுழைந்தது. கரடியைப் பின்னங்காலால் ஒரு உதை விட்டு, "ஏலே, செத்த மூதி! சோலியப் பாத்துட்டுப் போல!" என்றது.

"அய்யோ, எங்கூருப் பேச்சு!" என்று அந்தம்மா கைதட்டிவிட்டார். ஊரை விட்டு வந்த பிறகு அப்படியொரு குரலை டிவியில் கேட்டதில்லையாம்.

என் மகள் மூலையிலிருந்து எழுந்தாள். "ஆன்ட்டி, அப்போ மூதின்னா கரடி பேரா? நான்தான கரடி? நீங்க ஏன் இவள மூதி, மூதின்னு கூப்டுறீங்கோ?"

அந்தம்மாவின் கை அந்தரத்தில் நின்றது. மூதேவி என்பதைத்தான் அவர்கள் ஊரில் மூதி என்று திட்டுவார்கள்.

"கழுததான கரடிய மூதிங்குது" என்று அவருடைய மகள் யோசித்து யோசித்துச் சொன்னாள். பிறகு குதித்தாள். "அப்பம் எங்கம்மைதான் கழுத!"

என் மனைவி அடுப்படிக்குள் ஓடி வாயைப் பொத்திக்கொண்டாள். நான் கூரையைப் பார்த்தேன். அந்தம்மா முதலில் மகளை முறைத்தார், அப்புறம் என்னை முறைத்தார், அப்புறம் குலுங்கக் குலுங்கச் சிரித்தார்.

"சரி அண்ணாச்சி. தட்டு கெடையாது, டமால்னு வாயால சொன்னாப் போதும். அந்தப் பேரும் கூடாது, இந்தப் பேரும் கூடாது."

"அப்போ கரடி கோவம் வந்தா இன்னா சொல்லும்?" என்றாள் என் மகள்.

நியாயமான கேள்வி. பெரியவர்கள் மூன்று பேரும் உட்கார்ந்து, யாரையும் புண்படுத்தாத திட்டு ஒன்றைத் தேடினோம். நான் 'மடையா' என்றேன், அந்தம்மா வேண்டாம் என்றார். அவர் 'குரங்கே' என்றார், அதுவும் படத்தில் வருகிறது என்றார்கள் பிள்ளைகள். என் மனைவி சொன்னதை இங்கே எழுத முடியாது. கடைசியில், "எவளாவது நல்ல திட்டாக் கண்டுபுடிச்சாச் சொல்லுங்க, அன்னைக்கு வெளாடலாம்" என்று சொல்லி அந்தம்மா மகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் என் மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து டிவியைப் போடவே இல்லை. கேட்டைப் பிடித்துக்கொண்டு மாடிப்படியையே பார்த்திருந்தாள். ஆறு மணிக்கு நான் வந்தபோதும் அப்படியேதான் நின்றாள். சோறு வேண்டாம் என்றாள்.

அப்புறம் மேலே கதவு திறந்தது. மாடி வீட்டுப் பெண் படியில் தடதடவென்று இறங்கிக்கொண்டே தெரு முழுக்கக் கேட்கக் கத்தினாள்:

"ஏ ஊசிப்போன ரவா கேசரியே! இன்னைக்கு நான்தான் கரடி, வாட்டீ!"

திட்டு வாங்க அத்தனை சந்தோஷமாக ஓடிய பிள்ளையை நான் பார்த்ததே இல்லை.