சார்ஜென்ட்டின் வீட்டுக்காரர்

அந்தத் தீவுத் தளத்தின் குடியிருப்பு அலுவலகத்தில் எழுத்தராக இருபத்திரண்டு வருடம் குப்பை கொட்டியவன் நான். சீருடை கிடையாது, சல்யூட் கிடையாது. ஒரு தட்டச்சு இயந்திரம், ஒரு மின்விசிறி, மழைக்காலம் வந்தால் பூஞ்சை பிடிக்கும் கோப்புகள், அவ்வளவுதான். எத்தனையோ தம்பதிகள் கப்பலில் வந்து இறங்கினார்கள். எல்லாரும் ஒரே அச்சு. முதல் வாரம் கடலைப் பார்த்து வாயைப் பிளப்பார்கள். இரண்டாம் வாரம் குழாயில் வரும் துருத்தண்ணீரைப் பார்த்து மூக்கைச் சுளிப்பார்கள். மூன்றாம் வாரம், பக்கத்து வீட்டுக்குக் கொடுத்த கட்டில் தங்கள் கட்டிலைவிட நாலு விரல் அகலம் என்று புகார் எழுதுவார்கள். அப்படி எழுதாத ஒரு ஜோடியும் வந்தது.

அந்த ஜோடியில் ராணுவத்தில் இருந்தது மனைவி. வானிலைப் பிரிவில் சார்ஜென்ட். காலையும் மாலையும் ஆளுயர பலூன் ஒன்றில் வாயு நிரப்பி, அடியில் ஒரு கருவியைக் கட்டி மேலே விட்டு, காற்று எந்தப் பக்கம் எவ்வளவு வேகமாக அடிக்கிறது என்று சொல்வது அந்தம்மாவின் வேலை. வீட்டுக்காரர் பல்செட் கட்டுபவர். பல் டாக்டர் இல்லை. டாக்டர் எடுத்து அனுப்பும் அச்சை வைத்துக்கொண்டு, மெழுகும் பிளாஸ்டருமாய் மல்லாடி, பல்லில்லாத வாய்க்குப் பல் செய்து கொடுக்கிற ஆள். கல்யாணமாகி ஏழு வருடம். மனைவிக்கு மாற்றல் வந்ததும், நன்றாக ஓடிக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு, இரண்டு இரும்புப் பெட்டியும் ஒரு மூட்டை பிளாஸ்டருமாகப் பின்னாலேயே வந்துவிட்டார். கப்பலின் ஈரக்காற்றில் அந்த மூட்டை வழியிலேயே கல்லாகிவிட்டது.

வந்தவுடன் படிவம் நிரப்ப வேண்டும். எங்கள் படிவத்தில் 'வீரர் பெயர்' என்று ஒரு கட்டம், 'மனைவி பெயர்' என்று ஒரு கட்டம். கணவருக்குக் கட்டமே இல்லை. நிர்வாக அதிகாரியிடம் கொண்டுபோய்க் கேட்டேன். அவருக்கு நாங்கள் வைத்திருந்த பெயர் ரூல்ஸ். தும்மல் வந்தால்கூட விதிமுறைப் புத்தகத்தைப் புரட்டிவிட்டுத்தான் தும்முவார் என்பார்கள்.

"மனைவிங்கிற கட்டத்துலயே எழுதிடு" என்றார் ரூல்ஸ்.

"சார், அவர் ஆம்பளை சார்."

"அதுக்கு நான் என்னய்யா பண்ண? புதுப் படிவம் அச்சடிக்க ஒரு வருஷம் ஆகும். அதுவரைக்கும் அவர் வெயில்ல நிக்கணுமா?"

அப்படித்தான், மீசை வைத்த ஒரு மனிதருக்கு 'மனைவி' என்று அச்சிட்ட அடையாள அட்டை கிடைத்தது. தட்டச்சு செய்தவன் நான். அதை வாங்கிப் பார்த்துவிட்டு அவர் சிரித்தார். பக்கத்தில் நின்ற சார்ஜென்ட்டம்மா சிரிக்கவில்லை.

"இந்த அதிகாரி ஸ்கூல்ல படிச்சாராண்ணே?" என்று என்னிடம் கேட்டார்.

அடுத்த கூத்து, மனைவியர் நலச் சங்கம். வியாழன்தோறும் நாலு மணிக்குக் கூடும். அட்டை வைத்திருப்பவர்கள் கட்டாயம் வர வேண்டும். தலைவி, தளபதியின் மனைவி. பெரிய மேடம் என்பார்கள். முதல் வரிசையில் பிரம்பு நாற்காலிகள், அதிகாரிகளின் மனைவிகளுக்கு. நடுவில் மடக்கு நாற்காலிகள். கடைசியில் முதுகு சாய முடியாத பெஞ்சு. வீட்டுக்காரனுக்குப் பதவி உயர்ந்தால் மறு வியாழனே அவன் பெண்டாட்டி ஒரு வரிசை முன்னால் நகர்ந்து உட்காருவாள். பெஞ்சில் நேற்றுவரை தோளோடு தோள் உரசி உட்கார்ந்தவளைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை, தானாக வந்துவிடும்.

நம் ஆள் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, திரைச்சீலை தைப்பது பற்றியும் தலைமுடி உதிராமல் காப்பது பற்றியும் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் தலையில் உதிர்வதற்கு முடியே அதிகம் இல்லை. பூங்கொத்துப் போட்டி நடந்தபோது பல் செய்யும் மெழுகில் ஒரு ரோஜாவைச் செதுக்கிக் கொண்டுபோனார். பெரிய மேடம் அதை முகர்ந்து பார்த்துவிட்டு, வாசனை போதாது என்று மூன்றாம் பரிசு கொடுத்தார். அது மெழுகு என்று சொல்ல ஒருவருக்கும் தைரியம் வரவில்லை.

இதற்கிடையில் அவர் சும்மா இருக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரு சாமான் அறை காலியாகக் கிடந்தது. அதைக் கொடுத்தால் பல்செட் செய்து தருகிறேன் என்று எழுதிக் கொடுத்தார். நியாயமான மனுதான். எங்கள் ஆஸ்பத்திரியில் பல்லைப் பிடுங்கத்தான் தெரியும், கட்டத் தெரியாது. செட் வேண்டுமென்றால் கப்பலேறி பெரிய ஊருக்குப் போக வேண்டும், விடுப்பு கிடைக்க வேண்டும். சமையல்காரர், சலவைக்காரர், பழைய டிரைவர்கள் எல்லாரும் சோற்றைக் குழைத்து விழுங்கியே காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். ரூல்ஸ் மனுவை நிராகரித்தார். காரணம்: மனைவியர் தளத்துக்குள் தொழில் செய்யக் கூடாது. இரண்டாவது மனுவுக்கும் அதே கதி. இந்தத் தடவை காரணம், பல்செட் செய்யும் மருந்து வாடை அடிக்கும் என்பது. இரண்டு பதிலையும் பிழையில்லாமல் தட்டச்சு செய்து, கையெழுத்து வாங்கி, அவர் கையில் கொடுத்துவிட்டு, கண்ணைப் பார்க்காமல் திரும்பி வந்தவனும் நான்தான். என்னையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எட்டாவது மாதம், தலைநகரிலிருந்து பெரிய ஜெனரல் ஒருவர் தளத்தைப் பார்வையிட வருவதாகத் தகவல் வந்தது. அவர் வர நாலு நாள் இருக்கும்போது எங்கள் தளபதி பேச்சை நிறுத்திக்கொண்டார். உதட்டை இறுக்கி மூடியபடி நடந்தார். எது கேட்டாலும் துண்டுச் சீட்டில் எழுதிக் காட்டினார். தளமே நடுங்கிப்போனது. யார் மேல் கோபமோ, யார் சீட்டு கிழியப் போகிறதோ என்று ஆளாளுக்கு அடித்துக்கொண்டார்கள். ரூல்ஸ், ஏற்கெனவே வெள்ளையடித்த மரங்களுக்கு இன்னொரு முறை வெள்ளையடிக்கச் சொன்னார்.

அன்று மத்தியானம் தளபதி என்னை அழைத்து ஒரு கனமான உறையைக் கொடுத்தார். மேலே சார்ஜென்ட் வீட்டு எண். வேறு ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

நான் போனபோது அந்தம்மா காலை வேலை முடிந்து வந்து, சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். வீட்டுக்காரர் உறையைப் பிரித்தார். கைக்குட்டைக்குள் மேல்வரிசைப் பல்செட் ஒன்று, நடுவில் இரண்டாக உடைந்து கிடந்தது.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. தளபதிக்குக் கோபமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. முகம் கழுவும்போது தவறவிட்டிருப்பார் என்று நினைத்தேன்.

அந்தம்மா எட்டிப் பார்த்தார். "இந்தப் பல்லுக்கா ஊரே பயந்துக்கிட்டு இருக்கு?" என்று சொல்லிவிட்டு மறுபடி வெங்காயத்துக்குப் போனார்.

வீட்டுக்காரர் இரண்டு துண்டையும் வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எட்டு மாதமாகக் காணாத உயிர் அவர் முகத்தில் வந்திருந்தது.

"நல்ல கை பட்ட வேலைதான் சார். ஆனா கடி ஒரு பக்கமா விழுது. அதான் உடைஞ்சிருக்கு. ஒட்டிக் குடுத்துடலாம், வாயைப் பாக்காம குடுத்தா மறுபடி உடையும்."

"அவர்கிட்ட நான் எப்படிப் போய்ச் சொல்றது?"

"வாயைக் கொண்டாரச் சொல்லுங்க. வேற எப்படிச் சொல்றது?"

சாயங்காலம் தளபதி தொப்பியை மூக்கு வரை இறக்கிக்கொண்டு, துணி காயப்போடும் கொடிகளுக்கு நடுவே புகுந்து, சமையலறைக் கதவு வழியாக வந்தார். வீட்டு உடையில் இருந்த சார்ஜென்ட்டம்மா விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார். பதில் சொல்லத் தளபதிக்கு வாயில் பல் இல்லை, தலையை மட்டும் ஆட்டினார். பிளாஸ்டிக் முக்காலியில் உட்காரவைத்து, ஒட்டிய செட்டை மாட்டி, மெல்லிய கலர்த்தாளைக் கடிக்கச் சொல்லி, எடுத்துத் தேய்த்து, மறுபடி மாட்டி, இப்படி ஒரு மணி நேரம். வீட்டுக்காரர் அந்த ஒரு மணி நேரமும் மனுவைப் பற்றி வாய் திறக்கவில்லை. வேலை கையில் இருக்கும்போது அவருக்கு வேறு எதுவும் ஞாபகம் வராது. கடைசியில் தளபதி பேசிய முதல் சொல், "கண்ணாடி இருக்கா?"

ஜெனரல் வந்தார். தளபதி முக்கால் மணி நேரம் சொற்பொழிவு செய்தார். மறுநாளே சாமான் அறையைக் கொடுக்கும் உத்தரவு வந்தது. 'தளத்தின் அவசரத் தேவை கருதி' என்று நான் தட்டச்சு செய்தேன். ரூல்ஸ் பக்கத்தில் நின்று, "நான் அப்பவே குடுக்கலாம்னுதான் சொன்னேன்" என்றார். முகத்தில் ஒரு கோடு மாறவில்லை.

இதோடு முடிந்திருந்தால் அவரைப் பற்றி நல்லவிதமாகவே சொல்லியிருப்பேன். முடியவில்லை. அறை கிடைத்த மூன்றே மாதத்தில் நம் ஆளுக்குக் கொம்பு முளைத்துவிட்டது. வெள்ளைக் கோட்டு தைத்துக்கொண்டார். அச்சு எடுப்பது ஆஸ்பத்திரி டாக்டர்தான் என்றாலும், டாக்டருக்கே அந்த வித்தையைச் சொல்லிக் கொடுத்தவர் தாம் என்பதை வருகிறவர்களிடமெல்லாம் அளந்தார். அதிகாரிகளுக்கு வாரத்தில் ஐந்து நாள், மற்றவர்களுக்குச் சனிக்கிழமை காலை. சனிக்கிழமையும் ஒரு அதிகாரி வந்துவிட்டால் மற்றவர்கள் எழுந்து வெளியே போய் நிற்க வேண்டும். சங்கத்தில் அவருக்கு முதல் வரிசையில் இடம் கிடைத்தது. பெரிய மேடமே கூப்பிட்டு உட்காரவைத்தார். மனிதர் பிரம்பு நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்த அழகை நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பிரம்பாவது தண்ணீரில் ஊறிய பிறகுதான் வளையும்.

சலவைக்காரர் நாலு சனிக்கிழமை வந்து நாலு தடவையும் திரும்பிப் போனார். ஐந்தாவது சனிக்கிழமை வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது சார்ஜென்ட்டம்மா சீருடையோடு அந்தப் பக்கம் வந்தார். நான் அங்கே ஆஸ்பத்திரிக் கட்டிலைக் கணக்கெடுக்கப் போயிருந்தேன்.

"எத்தனை நாளா வர்றீங்க பெரியவரே?"

"இது அஞ்சாவது வாரம்மா. பரவால்ல, ஐயாவுக்கு வேலை ஜாஸ்தி."

அந்தம்மா உள்ளே போனார். உள்ளே ரூல்ஸ் நாற்காலியில் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு சாய்ந்திருந்தார்.

"வெளியில அஞ்சு வாரமா ஒருத்தர் உக்காந்திருக்கார். தெரியுமா?"

"பாக்கறேன்மா. முதல்ல அதிகாரிங்களை முடிச்சு அனுப்பணும். இங்க அப்படித்தானே முறை? உனக்குத் தெரியாததா?"

"எனக்குத் தெரியும். எனக்கு இது சம்பளம் வாங்கற வேலை, சல்யூட் அடிச்சுத்தான் ஆகணும். உங்களை யார் அடிக்கச் சொன்னா?"

"மெதுவா பேசு..."

"நீங்க பல்லு கட்டறது வாய்க்கா, தோள்பட்டைக்கா? அதை மட்டும் சொல்லுங்க."

வராந்தாவில் இருந்த ஏழு பேர் காதிலும் விழுந்தது. சலவைக்காரர் வெறும் ஈறு தெரிய அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். ரூல்ஸ் மட்டும் திறந்த வாயை மூடவும் முடியாமல், அந்தம்மாவை அதட்டவும் முடியாமல், கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்.

அன்றிலிருந்து பத்து நாள் வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை என்று கேள்விப்பட்டேன். சாப்பாடு தனித்தனியாக. அவர் முதலில் கோபப்பட்டாராம். பிறகு அவமானப்பட்டாராம். பதினோராம் நாள் காலை, என் அலுவலகத்துக்கு வந்து கொஞ்சம் அட்டைத் துண்டு கேட்டார்.

"நம்பர் எழுதின சீட்டு வேணும் சார். ஒண்ணுல இருந்து ஐம்பது வரைக்கும். யார் முதல்ல வர்றாங்களோ அவங்களுக்கு முதல் நம்பர்."

"தளபதி வந்தா?"

"அவருக்கும் ஒரு நம்பர் எழுதுங்க."

எழுதிக் கொடுத்தேன். சலவைக்காரருக்கு ஒன்றாம் நம்பர் கிடைத்தது. ரூல்ஸுக்குப் பதினேழு. சீட்டைத் தூக்கியெறிந்துவிட்டுப் போனவர், பாதி வேலையாக நின்ற பல் உறுத்தியதால் மறுநாளே திரும்பி வந்து வரிசையில் உட்கார்ந்தார். சங்கத்தில் நம் ஆள் மடக்கு நாற்காலிக்குத் தள்ளப்பட்டார். அவரோ அதற்கப்புறம் சங்கத்துக்குப் போகவே இல்லை. விளக்கம் கேட்டுக் கடிதம் போனது. அதற்கு 'வேலை இருக்கிறது' என்று இரண்டே சொல்லில் பதில் வந்தது.

இரண்டு வருடம் அப்படி ஓடியது. பிறகு தளபதி மாறினார். புதிதாக வந்தவருக்கு முப்பத்திரண்டு பல்லும் முத்து முத்தாக இருந்தன. சாமான் அறையில் சாமான் இல்லாமல் பல் ஏன் இருக்கிறது என்று கேட்டார். ஒரே வாரத்தில் பூட்டு விழுந்தது. அந்த அறையில் எவ்வளவோ பேர் அதிகாரமாக உட்கார்ந்து செட் மாட்டிக்கொண்டு போயிருந்தார்கள். அவர்களில் ஒருவர்கூட அவருக்காக ஒரு வரி எழுதவில்லை. நானும் எழுதவில்லை.

சார்ஜென்ட்டம்மாவுக்கு ஒப்பந்தக் காலம் முடிய மூன்று மாதம் இருந்தது. நீட்டிக்கக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். போடவில்லை. கப்பலேறி ஊருக்கும் போகவில்லை. தளத்தின் வாசலுக்கு வெளியே, மீனவர் குடியிருப்பில், படகுத்துறையை ஒட்டி இரண்டு அறை வாடகைக்குப் பிடித்தார்கள். முன்னறையில் அவர் பல் கட்டுகிறார். பிளாஸ்டரை இப்போது மூடி இறுகிய பிஸ்கெட் டின்களில் வைக்கிறார். எனக்கும் கீழ்வரிசை அங்கேதான் செய்துகொண்டேன், இருபத்தாறாம் நம்பர்.

அந்தம்மாவுக்குச் சும்மா இருக்கத் தெரியவில்லை. படகுத்துறைச் சுவரில் ஒரு கரும்பலகையை மாட்டி, தினமும் விடிந்ததும் மேகத்தையும் அலையையும் பார்த்து, இன்றைக்குக் கடலுக்குப் போகலாமா கூடாதா என்று எழுதி வைக்கிறார். பலூனும் இல்லை, கருவியும் இல்லை. படகுக்காரர்கள் தளத்து ஒலிபெருக்கி சொல்லும் வானிலையைக் கேட்பதை விட்டுவிட்டார்கள்.

போன மாதம் நான் அங்கே போயிருந்தபோது ஃபோன் அடித்தது. அந்தம்மா எடுத்து, "மத்தியானத்துக்கு மேல தெற்கிலிருந்து பலமா அடிக்கும், எழுதிக்கோ" என்று சொல்லிவிட்டு வைத்தார்.

"யாரும்மா?"

"என் இடத்துக்கு வந்திருக்கான்ல, புது சார்ஜென்ட். தினமும் என்கிட்ட கேட்டுக்கிட்டுத்தான் மேலிடத்துக்கு ரிப்போர்ட் அனுப்பறான்."

"இவனுக்கெல்லாம் வெக்கமே இல்லையா?"

"இருக்குண்ணே, குரலைத் தாழ்த்தித்தான் பேசறான்" என்றார் அந்தம்மா. "ஆனா கேக்கறான் பாருங்க. அந்தத் தளத்துல வேற எவன் கேட்டான்?"