பதினேழாம் நம்பர் வீட்டுக்கு ஒரு மனு

இதை எழுதத் துணிந்ததற்கு முதலில் மன்னிக்க வேண்டும். பத்தாம் வகுப்போடு நின்றவன் நான். எழுத்து என்று நான் பழகியதெல்லாம் வீட்டுக்குப் போட்ட கடிதங்கள்தான். அவற்றிலும் நலம் விசாரித்த பிறகு என்ன எழுதுவது என்று தெரியாமல் பேனாவைக் கடித்துக்கொண்டிருப்பேன். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்கவே கூச்சப்படுகிறவன், முகம் தெரியாதவர்கள் படிக்க எழுதுவது அதிகப்படிதான். ஆனாலும் ஒரு வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று வெகுநாளாக மனதில் இருக்கிறது. அந்த வீட்டில் நான் ஒரு நாள்கூடக் குடியிருந்ததில்லை.

அபுதாபியிலிருந்து மேற்கே போகிற சாலையில், ருவைஸையும் தாண்டி சவூதி எல்லைப் பக்கமாக ஒரு சைட்டில் பிளம்பராக இருந்தேன். இரண்டாயிரத்துக்குப் பிந்திய வருடங்கள். அந்த நாடு உண்டாகி அப்போது என் வயதுகூட ஆகவில்லை. நகரங்கள் ஒரு பக்கம் வளர்ந்துகொண்டே இருந்தன. மேற்கே எல்லை வரைக்கும் மணலும் உப்புத்தரையும்தான். அங்கேயும் தன் ஜனங்கள் குடியிருக்க வேண்டும் என்று அரசாங்கம் நினைத்தது. சாலை போட்டது, பள்ளிக்கூடமும் மசூதியும் கட்டியது, சாலையோரம் மரம் நட்டு அடியில் கறுப்புக் குழாய் ஓட்டிச் சொட்டுத் தண்ணீர் விட்டது. வந்து குடியேறுகிற சொந்தக் குடிமக்களுக்கு வீட்டையும் சும்மாவே கொடுத்தது. அப்படிக் கட்டிய குடியிருப்பை ஷாபியா என்பார்கள். நாங்கள் கட்டியது நாற்பது வீடுகள் கொண்ட ஒரு ஷாபியா.

வீடுகள் முடிந்துவிட்டன. குடியேற வேண்டியவர்கள்தான் வரவில்லை. நகரத்தில் பழகியவர்களுக்கு அவ்வளவு தூரம் வர மனமில்லையோ, காகித வேலைகள் முடியவில்லையோ, எங்களுக்கு யார் சொல்வார்கள்? ஆளில்லாத வீடு கெட்டுப்போகும். சாக்கடைக் குழாயின் வளைவில் நிற்கும் தண்ணீர் வற்றினால் நாற்றமும் கரப்பானும் வீட்டுக்குள் வந்துவிடும். தொட்டித் தண்ணீர் பாசி பிடிக்கும். அதனால் தினமும் ஒருவன் எல்லா வீடுகளையும் திறந்து, குழாய்களை ஓடவிட்டு, ஏசி போட்டு நிறுத்த வேண்டும். மலையாளி போர்மேன் என்னைக் கூப்பிட்டார்.

"உனக்குப் பேச ஆள் வேண்டாமல்லோ? நாப்பது வீடு, ஒரு மனுஷன் கிடையாது. இந்த டூட்டி உனக்குன்னே செஞ்சது. போய் சுகமா இரு."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஒரு வாரத்துக்குள் பதினேழாம் நம்பர் வீடு எனக்குப் பிடித்துப்போயிற்று. கடைசி வரிசையில் ஓரமாக இருந்தது. அதன் சமையலறை ஜன்னல் வடக்கே பார்த்தது. அங்கிருந்து பார்த்தால் தூரத்தில் கடல் ஒரு கோடாகத் தெரியும். மற்ற வீடுகளுக்குள் சேஃப்டி ஷூவோடுதான் நடப்பேன். இந்த வீட்டில் மட்டும் வாசலில் கழற்றிவிட்டுப் போவேன். யாரும் சொல்லி இல்லை, கால் தானாக நின்றது. மத்தியானச் சாப்பாட்டை அந்தச் சமையலறைத் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டேன். எதிர்ச் சுவரோரம் அவள் உட்கார்ந்து வெங்காயம் உரிப்பதாக நினைத்துக்கொள்வேன். சில நாள் அவளுக்கு இடம் விட்டு நகர்ந்தும் உட்கார்ந்திருக்கிறேன்.

அவள் என்றால் என் மனைவி. அறந்தாங்கிப் பக்கம் என் அண்ணன் வீட்டில், ஓர் அறையில், எங்கள் மகளோடு இருந்தாள். அடுப்படி அண்ணியுடையது; அவரை இவள் அக்கா என்று கூப்பிடுவாள். அண்ணி சமைத்து முடித்த பிறகுதான் இவள் உலை வைக்கலாம். சண்டை என்று ஒன்றும் கிடையாது. ஆனால் ஒரு டம்ளர் காப்பி போடுவதற்கும் அடுத்தவர் முகத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. கல்யாணமான பன்னிரண்டு வருடத்தில் அவள் என்னிடம் ஆசையாகக் கேட்டது ஒன்றே ஒன்றுதான். தனி அடுப்படி.

வெள்ளிக்கிழமைகளில் சாமான் வாங்க கம்பெனி வண்டி ருவைஸுக்குப் போகும். அங்கே டெலிபோன் கூண்டிலிருந்து கார்டு போட்டு அவளுக்குப் பேசுவேன். அவள் செல்லை எடுத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போய் நின்று பேசுவாள். அப்படி ஒரு வெள்ளிக்கிழமை, பேச வேறு விஷயம் இல்லாமல் சொன்னேன்.

"இங்க வந்து தங்குறவங்களுக்கு கவர்மெண்டே வீடு சும்மா குடுக்குதாம். அந்த வீட்டுக்குத்தான் இப்ப தண்ணி தொறந்து விடுறேன்."

"சும்மாவா?"

"சும்மாதான்."

பிறகு கேட்டாள்: "ஏங்க, நீங்க நாலு வருஷமா அங்கதானே தங்கியிருக்கீங்க?"

நான் சொன்னதில் ஒரு வார்த்தை விட்டுப்போயிருந்தது. அந்நாட்டுக் குடிமக்களுக்கு மட்டும்தான் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். அவள் நினைத்ததில் தப்பில்லை. எங்கள் ஊரில் புறம்போக்கில் குடிசை போட்டவர்கள் பல வருடம் தங்கி, மனுவுக்கு மேல் மனு கொடுத்துப் பட்டா வாங்கியதை அவள் பார்த்திருக்கிறாள். தங்கினால் கிடைக்கும் என்பதுதான் அரசாங்கத்தைப் பற்றி அவளுக்குத் தெரிந்த நல்ல விஷயம். நான் "ம்" என்றேன். அந்த ஒரு எழுத்துக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவள் குரலே மாறியிருந்தது. வீட்டு நம்பர் என்ன, எத்தனை ரூம், கொல்லை உண்டா, அடுப்படி எந்தத் திசை என்றெல்லாம் கேட்டாள். எனக்கும் சொல்லச் சொல்ல ஆசையாக இருந்தது. வாசல் பக்கம் தனிக் கதவு வைத்து, வருகிற ஆண்கள் உட்கார்ந்து பேச மஜ்லிஸ் என்று பெரிய அறை இருக்கிறது என்றேன்.

"நம்ம வீட்டுக்கு யாரு வரப்போறா? உங்களுக்கு வாயே கிடையாது. அதுல நெல்லு மூட்டைய அடுக்கிக்கலாம்."

"இங்க நெல்லு ஏது?"

"அப்ப உங்கள அடுக்கிக்கலாம்."

சிரித்துக்கொண்டே கூண்டிலிருந்து வெளியே வந்தேன். வண்டியில் ஏறிய பிறகுதான் அவளிடம் சொல்லாமல் விட்ட வார்த்தை நினைவுக்கு வந்தது. அடுத்த வாரம் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். அப்படி எத்தனையோ வாரம் நினைத்தேன். வாரத்தில் பத்து நிமிஷம் அவள் சந்தோஷமாகப் பேசுவதைக் கேட்டுவிட்டு, அதை என் வாயாலேயே நிறுத்த முடியவில்லை.

மார்ச்சில் லீவு முடிந்து ஊரிலிருந்து வந்த, கேம்பில் என்னோடு தங்கும் ரூம்காரர் ஒரு கவரைக் கொடுத்தார். "உங்க வீட்ல குடுத்தாங்க. கசங்காம கொண்டுபோகச் சொல்லி மூணு தடவ சொன்னாங்க, பாத்துக்கங்க" என்றார். உள்ளே ஒரு மனு இருந்தது. தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதுகிறவரிடம் போய், தமிழில் ஒன்றும் இங்கிலீஷில் ஒன்றுமாக டைப் அடித்து வாங்கியிருந்தாள். என் கணவர் தங்கள் நாட்டில் நான்கு வருடமாகத் தங்கிவருகிறார், எங்களுக்குச் சொந்த வீடோ மனையோ கிடையாது, ஆகவே சமூகம் அவர்கள் கருணை கூர்ந்து பதினேழாம் எண் வீட்டை எங்களுக்கு வழங்க வேண்டும் என்று இருந்தது. கீழே அவள் கையெழுத்து. ரேஷன் கார்டு ஜெராக்ஸ், சொந்த வீடு இல்லை என்று கிராம அதிகாரி வட்ட முத்திரை போட்டுக் கொடுத்த சான்று, அவளும் மகளும் தனித்தனியாக எடுத்த போட்டோக்கள். மகள் ஸ்டூடியோக்காரர் சொன்னபடி தாடையைத் தூக்கிக்கொண்டு, மூச்சைப் பிடித்தபடி இருந்தாள்.

அந்த வெள்ளிக்கிழமை அவள் கேட்டாள்: "பரீட்சை முடியப் போவுது. பள்ளிக்கொடத்துல டி.சி. கேட்டு எழுதிக் குடுக்கட்டுமா? அக்காகிட்டயும் சொல்லிட்டேன், இன்னும் ரெண்டு மாசந்தான் இங்கன்னு."

"ஒரு வாரம் பொறு" என்றேன்.

அந்த வாரத்துக்குள்ளேயே நடந்தது. வியாழக்கிழமை காலை மிஸ்ரி என்ஜினியர் ஒரு வண்டியில் ஆட்களை அழைத்துக்கொண்டு வந்தார். எகிப்துக்காரர், வீடுகளை ஒப்படைக்கிற பொறுப்பு அவருடையது. வண்டியிலிருந்து ஓர் அரபிப் பெரியவரும், அங்கத்திய வயதான பெண்கள் போடும் பொன்னிற முகத்திரை அணிந்த அவர் மனைவியும் இறங்கினார்கள். முதலாவதாகக் குடியேறப் போகிறவர்கள். நாற்பதில் எது வேண்டுமோ பார்க்கலாம் என்றார் என்ஜினியர். இரண்டு மூன்று வீடுகளைத் திறந்து காட்டினேன். பிறகு கடைசி வரிசைக்கு வந்தார்கள்.

அந்த அம்மா நேரே சமையலறைக்குப் போனார். குழாயைத் திறந்தார். உடனே தண்ணீர் சுத்தமாக வந்தது. கையைக் கழுவி, ஈரக் கையை மேடை மேல் வைத்து, ஜன்னல் வழியே வெகுநேரம் பார்த்தார். பிறகு திரும்பி, கணவரிடம் "ஸகீர்" என்றார். சின்னது என்று அர்த்தம். சைட்டில் தினமும் காதில் விழுகிற சொல் அது. பெரியவர் ஏதோ சமாதானம் சொன்னார். அந்த அம்மா மறுபடி ஜன்னலைப் பார்த்தார், சரி என்று தலையை ஆட்டினார்.

"கலாஸ். செவன்டீன் முடிஞ்சது" என்றார் என்ஜினியர்.

அவர்கள் வண்டியில் ஏறிக்கொண்ட பிறகு, சட்டைப் பையிலிருந்த மனுவை எடுத்து என்ஜினியரிடம் நீட்டினேன். கிடைக்கும் என்று அல்ல. கிடைக்காது என்று யாராவது என் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். அதைக் காதால் கேட்டால்தானே அவளிடம் நானும் சொல்ல முடியும். கூட வந்திருந்த போர்மேன் எட்டிப் பார்த்து, "எந்தா இது? நீ ஷேக் ஆகப் போறியா?" என்றார். பிறகு போட்டோவைப் பார்த்ததும் தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

என்ஜினியர் வெயிலில் நின்று இங்கிலீஷ் காகிதத்தை முழுதும் படித்தார். சிரிக்கவில்லை. "மகளா?" என்று போட்டோவைக் காட்டிக் கேட்டார். தலையாட்டினேன். பிறகு எனக்குப் புரியட்டும் என்று மெதுவாக, பாதி இந்தியில் சொன்னார்: "நான் இங்கே வந்து பத்தொன்பது வருஷம், பாய். என் பிள்ளைங்க இங்கேதான் பிறந்தாங்க. எனக்கும் வீடு மாஃபி, கிடையாது." காகிதங்களை இருந்த மடிப்பிலேயே மடித்து, என் கையில் கொடுத்துவிட்டு ஏறிப் போனார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. கூண்டுக்குள் போனதும், வேறு எதுவும் பேசுவதற்கு முன்னால் சொன்னேன்.

"அது இந்த ஊர்க்காரங்களுக்கு மட்டும் குடுக்குறது. எனக்கு மொதல்லயே தெரியும். நாந்தான் சொல்லல."

அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். கொல்லையில் ஒரு கோழி கத்துவது கேட்டது.

"மொதல்லயேன்னா எப்ப?"

"மொத நாளே."

"ஓ" என்றாள். பிறகு, "இனி அக்கா மூஞ்சில எப்பிடிங்க முழிப்பேன்?" என்றாள்.

வைத்துவிடுவாள் என்று நினைத்தபோது கேட்டாள்: "யாருக்குக் குடுத்தாங்க?"

"வயசான ஒரு அம்மாவுக்கு."

"அடுப்படியப் பாத்துட்டு என்ன சொன்னாங்க?"

சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தேன். இனி எதையும் மறைக்கக் கூடாது என்று நினைத்து, சொல்லிவிட்டேன்.

"சின்னதா இருக்குன்னாங்க."

"சின்னதா?" என்றாள். "சின்னதாமா?" என்று இன்னொரு தடவை கேட்டாள். அதன் பிறகு வந்தது சிரிப்பா அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை. கார்டு முடிகிற வரைக்கும் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நின்றேன்.

மறுநாள் சனிக்கிழமை காலை ஐந்தரைக்கு வண்டி வந்தது. வீடு திறக்கிற வேலைக்கு வேறு ஒருவனைப் போட்டுவிட்டு, என்னை இரண்டாவது பிளாக்குக்கு மாற்றியிருந்தார்கள். அங்கே புதிதாக முப்பது வீடுகளுக்குப் பள்ளம் எடுக்கிற வேலை. பத்து மணிக்கு மணற்காற்று அடித்ததால் வேலையை நிறுத்திவிட்டு கேம்புக்குத் திரும்பினோம்.