தெலுங்கில் கேட்ட கேள்விகள்

என் மகளுக்குத் தெரிந்த வார்த்தைகள் கொஞ்சம்தான். அத்தனையும் தமிழ். அப்பாவைக் கூப்பிட நைனா, அப்புறம் தண்ணி, வாணாம், பஸ்சு என்று சில. பிறந்ததும் அழாத குழந்தை அவள். நடக்கவும் பேசவும் ரொம்பத் தாமதமானது. மூளை வளர்ச்சி மெதுவாகத்தான் இருக்கும் என்று சித்தூர் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தால் கற்றுக்கொள்வாள் என்றும் சொன்னார்கள். அந்த ஒரு பேச்சைப் பிடித்துக்கொண்டுதான் நானும் என் வீட்டுக்காரரும் இத்தனை வருடம் அலைந்தோம்.

எங்கள் ஊர் ஆந்திராவில், தமிழ்நாட்டு எல்லையோரம், குடிபாலா பக்கம். வீட்டில் தமிழ், கடையிலும் ஆபீஸிலும் தெலுங்கு. எங்களுக்கு இரண்டும் ஓடும். அவளுக்கு ஒன்றே பாரம்.

ஊர்ப் பள்ளிக்கூடத்தில் முன்பு தமிழ் வகுப்பு இருந்தது. அங்கே இருந்த டீச்சர் அவளைத் தன் நாற்காலிக்குப் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொள்வார். சாக்பீஸ் பிடிக்கவும், பெயர் கூப்பிட்டால் எழுந்து நின்று "உள்ளேன் டீச்சர்" என்று சொல்லவும் அவள் கற்றுக்கொண்டது அவரிடம்தான். அவர் ஓய்வு பெற்றார். பிள்ளைகள் குறைவு என்று தமிழ் வகுப்பையும் எடுத்துவிட்டார்கள்.

ஒருநாள் நான் வேலை செய்யும் மாங்காய்க் கூழ் ஃபேக்டரியில் கரண்ட் போய் வேலை சீக்கிரம் முடிந்துவிட்டது. அப்படியே அவளைக் கூட்டிக்கொண்டு வரலாம் என்று பள்ளிக்கூடத்துக்குப் போனேன். வகுப்பில் அவள் இல்லை. பின்னால் சத்துணவு சமைக்கும் கொட்டகை ஓரத்தில், புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தாள். தினமும் அங்கேதான் என்று சமையல் அக்கா சொன்னாள்.

ஹெட்மாஸ்டரிடம் போனேன். எங்கள் பக்கத்து ஆள்தான், தமிழ் பேசுவார்.

"பேரு ரிஜிஸ்டர்ல இருக்குது. டெய்லி பிரசென்ட் போடறோம், முட்டை குடுக்கறோம். இன்னும் இன்னாம்மா வேணும்?" என்றார்.

"பாடம் வேணும் சார்."

அவருக்குக் கோபம் வரவில்லை. மேசையைப் பார்த்துக்கொண்டு, "எல்லா கிளாசும் நான் ஒருத்தனே பாத்துக்கினு இருக்கேன். இந்தப் பொண்ணுக்குன்னு எப்பிடிம்மா தனியா ஒக்கார்றது?" என்றார். நான் எழுந்து வந்துவிட்டேன்.

ஊனமுள்ள பிள்ளைகளுக்குப் படிப்பு தரவேண்டும் என்று சட்டமே இருக்கிறது என்பதை என் வீட்டுக்காரர் யாரிடமோ கேட்டுத் தெரிந்துகொண்டு வந்தார். மாடு கறந்து பால் ஊற்றுகிற மனிதர். சட்டம் என்ற வார்த்தையை அன்றைக்குத்தான் அவர் வாயில் கேட்டேன். மண்டல ஆபீஸுக்கு நடையாய் நடந்தோம். கடைசியில் சிறப்புப் பயிற்சி டீச்சர் ஒருவர் வாரத்துக்கு ஒருமுறை வந்தார். நல்ல பெண். ஆனால் அவருக்குத் தெலுங்கு மட்டும்தான் தெரியும். அவர் பேச ஆரம்பித்தால் என் மகள் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொள்வாள். "நாகு தமிழ் ராதம்மா" என்று, தமிழ் தெரியாத தன் மேலேயே வருத்தப்பட்டுக்கொண்டு என்னிடம் சொன்னார். தமிழ் தெரிந்தவர் வேண்டுமென்றால் முதலில் திருப்பதியில் பரிசோதனை செய்து சான்று வாங்கி வாருங்கள் என்று மண்டல ஆபீஸில் சொன்னார்கள்.

திருப்பதிக்குப் போன பஸ் முழுக்க மலைக்குப் போகிற கூட்டம். நாங்கள் மட்டும் மலையைப் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போனோம். வெகுநேரம் காத்திருந்த பிறகு உள்ளே கூப்பிட்டார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த அம்மாள் ஒரு அட்டையைக் காட்டினார். மாட்டின் படம்.

"இதி ஏமி?"

என் மகள் என்னைப் பார்த்தாள்.

"இது இன்னாடா கண்ணு?" என்று நான் கேட்டதுதான் தாமதம், அந்த அம்மாள் கையைக் காட்டி நிறுத்திவிட்டார். நான் வாயைத் திறக்கக்கூடாதாம். தமிழில் கேட்டுப் பாருங்கள் என்று வீட்டுக்காரர் கும்பிட்டுக் கேட்டார். கேள்வி எல்லாம் தெலுங்கில்தான் இருக்கிறது என்று பதில் வந்தது. அட்டைகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. அவள் ஒன்றுக்கும் வாய் திறக்கவில்லை.

வெளியே வந்து ரோட்டைக் கடக்க நின்றோம். குப்பைத் தொட்டி ஓரம் ஒரு பசு நின்றுகொண்டு எதையோ மென்றது. அவள் கையை நீட்டி, "நைனா, மாடு" என்றாள்.

அவர் அவள் கையை என்னிடம் கொடுத்துவிட்டு மறுபடியும் உள்ளே ஓடினார். திரும்பி வந்தபோது முகம் வேறு மாதிரி இருந்தது. "வேற கொயந்த உள்ள இருக்குதாம், மறுபடி பாக்க மாட்டாங்களாம்" என்றார். சான்றில் தீவிரக் குறைபாடு என்று இருந்தது.

திங்கட்கிழமை குறை கேட்கும் நாளில் சித்தூர் கலெக்டர் ஆபீஸில் போய் நின்றோம். எல்லைப் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தமிழ் தெரிந்த சிறப்பு டீச்சர் ஒருவரைப் போடுங்கள் என்று கேட்டோம். "ஆ போஸ்டே லேதம்மா" என்றார் அதிகாரி. அப்படி ஒரு வேலையே இல்லையாம். வேலூர் பக்கம்தானே, அங்கே சேர்த்துவிடுங்கள் என்றும் சொன்னார். அதையும் செய்து பார்த்தோம். எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு பள்ளியில் அவளிடம் தமிழில் பேசினார்கள். பந்தை எடுத்துக் கொடு என்றதும் எடுத்துக் கொடுத்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. பிறகு ஆதார் கார்டைப் பார்த்தார்கள். "ஆந்திரா அட்ரஸா இருக்கேம்மா" என்றார்கள். மாட்டையும் குத்தகை நிலத்தையும் விட்டுவிட்டு எங்கே குடி போவது?

சில மாதம் கழித்து ஹெட்மாஸ்டர் கூப்பிட்டனுப்பினார். எங்கள் மனுவுக்கு உத்தரவு வந்திருந்தது. தீவிரக் குறைபாடு என்பதால் இனி வீட்டிலேயே வைத்துக் கற்பிக்கப்படும். டீச்சர் வீட்டுக்கே வருவார். "இனிமே நீங்க அலைய வாணாம்மா" என்றார். நிம்மதியாகச் சொன்னார். நாங்கள் கேட்டுக் கேட்டு வாங்கியது, கொட்டகை ஓரத்தில் இருந்த அந்த இடத்தையும் இல்லாமல் செய்துவிட்டது.

அதே தெலுங்கு டீச்சர்தான் கொஞ்ச காலம் வந்தார். அவருக்கு மாற்றல் வந்தது. அவர் இடத்துக்கு யாரும் வரவில்லை. நான் வேலைக்குப் போகும் நாட்களில் என் மகள் மாட்டுக் கொட்டகையில் நைனாவோடு இருப்பாள். பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் சத்தம் போட்டுக்கொண்டு போகும்போது வேலியோரம் போய் நிற்பாள். முதலில் யாராவது கையசைப்பார்கள். இப்போது அவர்கள் வளர்ந்துவிட்டார்கள். புதுப் பிள்ளைகளுக்கு அவளைத் தெரியாது.

என் வீட்டுக்காரர் இப்போதெல்லாம் சட்டத்தைப் பற்றிப் பேசுவதில்லை. எனக்குத்தான் மனம் கேட்காமல் போன மழைக்காலத்தில் ஒரு திங்கட்கிழமை தனியாகச் சித்தூருக்குப் போனேன். புதிய அதிகாரி. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பாப்பாவுக்கு என்ன வயது என்று கேட்டார். சொன்னேன்.

"இன்னும் கொஞ்ச நாளில் ஸ்கூல் வயசு முடிஞ்சிடும்மா. அப்புறம் இந்தக் கஷ்டம் உங்களுக்கு இருக்காது" என்று தெலுங்கில் சொன்னார். எனக்கு ஆறுதல் சொல்வதாகத்தான் நினைத்திருப்பார்.

வீட்டுக்கு வந்தபோது வீட்டுக்காரர் தொட்டியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அவள் பக்கத்தில் நின்று மாடு குடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா சொன்னாங்க?" என்று கேட்டார்.

"வயசு கேட்டாங்க" என்றேன்.

அவர் இன்னொரு குடம் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றினார். நான் ஈரப் புடவையை மாற்றிக்கொள்ள உள்ளே போனேன்.